பாலம் வந்தாச்சா, அறிவிப்பு வந்திருக்கா?

சட்டமன்றம், பட்ஜெட், தொகுதிப் பணிகள் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். கடிதங்களைப் படிக்கும்போது ஒன்று தெரிந்தது. எம்.எல்.ஏ. வேலை செய்யவில்லை என்ற கோபத்தைவிட, என்ன செய்தார் என்று எங்களுக்குச் சொல்வதே இல்லை என்ற கோபம்தான் அதிகம்.

*கேள்வி: பட்ஜெட் கூட்டத்தொடர் முடிந்ததும் எங்கள் எம்.எல்.ஏ. வாட்ஸ்அப்பில் ஒரு போஸ்டர் போடுவார். "நம் தொகுதிக்கு உயர்மட்டப் பாலம்" என்று இருக்கும். போன வருஷமும் அதே பாலம்தான். பொய் சொல்கிறாரா?*
*வாசகர், கடலூர் மாவட்டம்*

பதில்: பொய் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். அவர் சொல்வது நடந்த விஷயமாகவே இருக்கலாம், ஆனால் முழுதாக நடந்து முடிந்த விஷயம் இல்லை.

நிதியமைச்சர் பட்ஜெட் உரையில் படிப்பது பெரிய திட்டங்களும் துறைவாரியான மொத்தத் தொகையும்தான். உங்கள் ஊர்ப் பாலம் அந்த உரையில் வருவது அபூர்வம். பட்ஜெட் மீது பொது விவாதம் முடிந்த பிறகு ஒவ்வொரு துறைக்கும் மானியக் கோரிக்கை வரும், அதாவது அந்தத் துறையின் செலவுக்கான பணத்தை அவையிடம் கேட்பது. அன்றைக்கு அந்தத் துறை அமைச்சர் கொள்கை விளக்கக் குறிப்பை வைப்பார், உறுப்பினர்கள் பேசுவார்கள், கடைசியில் அமைச்சர் பதிலுரை சொல்லிவிட்டுப் புதிய அறிவிப்புகளை வரிசையாக வாசிப்பார். உங்கள் பாலம் பெரும்பாலும் அந்த வரிசையில்தான் இருந்திருக்கும். எம்.எல்.ஏ. போஸ்டர் அடிப்பது அன்று சாயங்காலம்.

அதற்கப்புறம்தான் உண்மையான வேலையே ஆரம்பிக்கிறது. துறைப் பொறியாளர்கள் இடத்தைப் பார்த்து மதிப்பீடு தயாரிக்க வேண்டும், அது நிதித்துறை ஒப்புதலுக்குப் போக வேண்டும், நிர்வாக ஒப்புதல் தந்து அரசாணை வர வேண்டும், அப்புறம் தொழில்நுட்ப ஒப்புதல், டெண்டர், வேலை உத்தரவு. அணுகுசாலைக்கு நாலு பேருடைய பட்டா நிலம் தேவைப்பட்டால் நில எடுப்பு என்று இன்னொரு பெரிய படி இருக்கிறது. பல பாலங்கள் வருஷக்கணக்கில் நிற்பது அங்கேதான், ஆற்றின் நடுவே தூண்கள் எழும்பி நிற்க, இரண்டு பக்கமும் சாலை இல்லாமல் இருக்கும் பாலங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அதனால் அடுத்த முறை போஸ்டர் வந்தால் ஒரே ஒரு கேள்வி போடுங்கள்: "அரசாணை வந்துடுச்சாங்க ஐயா? எண்ணும் தேதியும் சொல்லுங்க." வந்திருந்தால் அதைக் கொடுப்பதில் அவருக்கு ஒரு சிரமமும் கிடையாது. அரசாணையை வாங்கிப் படிப்பதும் கஷ்டமில்லை. முதலில் "சுருக்கம்" என்று விஷயம் இரண்டு மூன்று வரியில் இருக்கும், அடுத்து முந்தைய கடிதங்கள், ஆணைகளின் பட்டியல், அதன் கீழே "ஆணை". அமைச்சர் சட்டமன்றத்தில் இன்ன தேதியில் இப்படி அறிவித்தார் என்பதை முதல் பத்தியிலேயே எடுத்துப் போட்டிருப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது கடைசிப் பத்திகளை. எத்தனை லட்சத்துக்கு ஒப்புதல், எந்தக் கணக்குத் தலைப்பில் செலவு, யார் செய்ய வேண்டும் என்பதெல்லாம் அங்கே இருக்கும். வேலை தொடங்கிவிட்டால் இடத்திலேயே திட்டத்தின் பெயரும் மதிப்பீட்டுத் தொகையும் எழுதிய பலகை நிற்க வேண்டும், அதையும் போட்டோ எடுத்து அதே வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள்.

அரசாணை வரவில்லை என்று எம்.எல்.ஏ. நேர்மையாகச் சொன்னால் அவரைத் திட்டாதீர்கள். கோப்பு எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். மதிப்பீட்டிலா, நிதித்துறையிலா, நில எடுப்பிலா? அதைக் கண்டுபிடித்துத் தள்ளுவதுதான் அவருடைய வேலை.

*கேள்வி: எம்.எல்.ஏ. நிதி வருஷத்துக்கு 3 கோடி ரூபாய் என்கிறார்கள். எங்கள் தெருவுக்கு ஒரு சிமென்ட் ரோடு போட அதில் காசு இல்லையா? அந்தப் பணம் யார் பைக்குப் போகிறது?*
*வாசகி, பல்லடம்*

பதில்: பணம் எம்.எல்.ஏ. கைக்கு வருவதே இல்லைம்மா. தொகுதி மேம்பாட்டு நிதியில் என்ன வேலை செய்யலாம் என்று அவர் பரிந்துரைப்பார், மாவட்ட ஆட்சியர் நிர்வாக ஒப்புதல் தருவார், வேலையைச் செய்வது ஊராட்சி ஒன்றியமோ பேரூராட்சியோ நகராட்சியோ. அந்த 3 கோடியிலும் முழுத் தொகையை அவர் இஷ்டத்துக்கு ஒதுக்க முடியாது, ஒரு பகுதி அரசு குறிப்பிட்டிருக்கும் வகைப் பணிகளுக்குத்தான் போக வேண்டும். தனியார் இடத்திலோ கோயில், மசூதி, தேவாலயத்திலோ செலவு செய்யக் கூடாது. அங்கன்வாடி, ரேஷன் கடைக் கட்டடம், பள்ளிக்கு வகுப்பறை, பேருந்து நிழற்குடை, உயர்கோபுர விளக்கு, சாலை என்று இதற்குள்தான் நிற்கும்.

தொகை எவ்வளவு சின்னது என்பதையும் பாருங்கள். 234 தொகுதிக்கும் சேர்த்து வருஷத்துக்கு 702 கோடி. 2025-26 பட்ஜெட்டில் மாநிலத்தின் வருவாய்ச் செலவு (சம்பளம், வட்டி மாதிரியான அன்றாடச் செலவு) மட்டும் 3,73,204 கோடி. அதோடு ஒப்பிட்டால் ஆயிரம் ரூபாய்க்கு இரண்டு ரூபாய்கூட வரவில்லை. ஆனால் நம்மில் பலர் எம்.எல்.ஏ.வின் மொத்த வேலையையும் இந்த இரண்டு ரூபாயை வைத்தே அளக்கிறோம். மிச்சமுள்ள 998 ரூபாய் எந்தத் துறை வழியாக நம் ஊருக்கு எவ்வளவு வந்தது என்று கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பது என் வாதம்.

அதற்காக 3 கோடிக்குக் கணக்குக் கேட்காமலும் விடாதீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில், மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட்டு பீஸ் ஸ்டாம்பு ஒட்டி ஒரு மனு எழுதுங்கள். "2021-22 முதல் இன்று வரை இன்ன தொகுதியில் தொகுதி மேம்பாட்டு நிதியில் ஒப்புதல் தரப்பட்ட பணிகளின் பெயர், இடம், மதிப்பீடு, செலவான தொகை, முடிந்த தேதி" என்று பட்டியலாகக் கேளுங்கள். "ஏன் எங்கள் தெருவுக்குப் போடவில்லை" என்று எழுதினால் அது தகவல் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அந்தப் பட்டியல் கையில் வந்த பிறகு, எந்தெந்தத் தெருவுக்கு எத்தனை முறை போட்டிருக்கிறார்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

*கேள்வி: கடன் 9 லட்சம் கோடி என்கிறார்கள். அப்புறம் தொகுதிக்கு வேலை வரும் என்று எம்.எல்.ஏ. எந்த தைரியத்தில் பேசுகிறார்?*
*வாசகர், திண்டுக்கல்*

பதில்: 2025 மார்ச் 14-ஆம் தேதி அப்போதைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு தாக்கல் செய்த 2025-26 பட்ஜெட்டின்படி, 2026 மார்ச் 31 அன்று நிலுவைக் கடன் 9,29,959 கோடியாக இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். வருவாய் வரவு 3,31,569 கோடி. செலவு மேலே சொன்ன 3,73,204 கோடி. ஆக 41,635 கோடி பற்றாக்குறை. சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் எல்லாம் இந்தச் செலவில்தான் வரும். மகளிர் உரிமைத் தொகைக்கு 13,807 கோடியும், பெண்களின் கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்துக்கு 3,600 கோடியும் இதற்குள்தான்.

இவற்றை வீண் செலவு என்று சொல்பவன் நான் இல்லை. மாசம் ஆயிரம் ரூபாய் கையில் வந்ததும் மருந்து வாங்கக் கணவனையோ மகனையோ எதிர்பார்க்காமல் போகிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் பாலம் இந்தக் கணக்கிலிருந்து வராது. அது மூலதனச் செலவு, அதாவது சாலை, பாலம் மாதிரி சொத்து உருவாக்கும் செலவு, 2025-26 மதிப்பீடு 57,231 கோடி. ஒரு எம்.எல்.ஏ. தொகுதி மக்களுக்கு முதலில் விளக்க வேண்டியது இந்த இரண்டு பைகளைத்தான். எந்தப் பையில் நமக்கு எவ்வளவு வருகிறது, எதற்காக ஒன்றைத் தள்ளிப்போட்டார்கள் என்று சொன்னால் மக்கள் புரிந்துகொள்வார்கள். வீட்டு வரவு செலவு பார்க்கிற எந்தப் பெண்ணுக்கும் இது புரியாத விஷயம் இல்லை.

*கேள்வி: எங்கள் எம்.எல்.ஏ. கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, துக்கம் எதையும் விடமாட்டார். ஊருக்கே செல்லப்பிள்ளை. ஆனால் சட்டமன்றத்தில் என்ன பேசினார் என்று யாருக்கும் தெரியாது. இவர் நல்ல எம்.எல்.ஏ.வா?*
*வாசகர், விளாத்திகுளம் வட்டம்*

பதில்: வீட்டு விசேஷத்துக்கு வருவதை நான் குறைவாக நினைக்கவில்லை. துக்க வீட்டில் வந்து உட்காருகிற மனுஷனிடம்தான் ஜனங்கள் தண்ணீர் வரவில்லை என்பதைக் கூச்சமில்லாமல் சொல்வார்கள். அது தேவை.

ஆனால் அங்கே கேட்டதைச் சட்டமன்றத்தில் பேசினாரா என்பது தெரிய வேண்டும். 2022 ஜனவரி 6 முதல் கேள்வி நேரம் நேரலையில் வருகிறது. அவைக் குறிப்புகள் சட்டமன்ற இணையதளத்தில் ஏற்றப்படுகின்றன. ஆனாலும் விளாத்திகுளத்தில் பருத்தி போட்டவர் அதைத் தேடிப் படித்துக்கொண்டிருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. எம்.எல்.ஏ.தான் கொண்டுவந்து தர வேண்டும்.

மாசம் ஒரு தாள் போதும் என்று நினைக்கிறேன், இரண்டு பக்கம் அச்சடித்தது, டீக்கடையிலும் ரேஷன் கடையிலும் ஒட்டும்படி. ஒரு பக்கம் சட்டமன்றம்: என்ன கேள்வி கேட்டேன், அமைச்சர் என்ன பதில் சொன்னார் (முடியாது என்று சொல்லியிருந்தால் அதையும் போட வேண்டும், முக்கியமாக அதைத்தான் போட வேண்டும்), எந்த வேலைக்கு அரசாணை வந்தது, எது எங்கே நிற்கிறது. மறுபக்கம் ஊர்ச் செய்தி. ஜமாபந்தி (வருஷா வருஷம் தாலுகாவில் நிலக் கணக்கைச் சரிபார்த்து மனு வாங்குவது) எந்த உள்வட்டத்துக்கு (பிர்க்கா) எந்த நாள், விவசாயிகள் குறைதீர் கூட்டம் எப்போது, பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி என்ன, வாக்காளர் பட்டியல் முகாம் எந்தப் பள்ளியில், மேல்நிலைப் பள்ளிக்கு எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் வந்தார், நெல் கொள்முதல் நிலையம் திறந்தாச்சா. ஜமாபந்தி தேதி முடிந்த மறுநாள் பட்டா மாறுதல் மனுவோடு தாலுகா ஆபீசுக்கு வந்து நிற்கிற பெரியவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். ஒரு தாள் சுவரில் இருந்திருந்தால் அந்த அலைச்சல் இல்லை. பிறந்தநாள் பிளெக்ஸுக்கு ஆகிற செலவில் ஒரு பங்குகூட இதற்கு ஆகாது.

*கேள்வி: எங்கள் எம்.எல்.ஏ. எதிர்க்கட்சி. "நான் என்ன செய்ய முடியும், ஆட்சி அவங்க கையில" என்கிறார். சரிதானா?*
*வாசகி, சேலம் மாவட்டம்*

பதில்: பாதிதான் சரி. அமைச்சரைப் பார்த்து வேலை முடிப்பது ஆளுங்கட்சிக்காரருக்குச் சுலபம், அதை மறுக்க முடியாது. ஆனால் தொகுதி நிதி எல்லோருக்கும் ஒரே தொகை. 2022 ஆகஸ்டில் அப்போதைய முதலமைச்சர் 234 எம்.எல்.ஏ.க்களுக்கும் கடிதம் எழுதி, நீண்ட நாளாக நிறைவேறாத 10 முக்கியக் கோரிக்கைகளை ஆட்சியரிடம் கொடுக்கச் சொன்னார், அதில் கட்சி பார்க்கவில்லை. உங்கள் எம்.எல்.ஏ. கொடுத்த 10 என்ன, அதில் எது எடுத்துக்கொள்ளப்பட்டது என்று கேளுங்கள். பட்டியல் கொடுத்தவர் பதிலும் தெரிந்துவைத்திருப்பார்.

அப்புறம் கேள்வி, கவன ஈர்ப்பு, மானியக் கோரிக்கையில் வெட்டுத் தீர்மானம் (கேட்ட தொகையைக் குறைக்கச் சொல்வது) எல்லாம் எதிர்க்கட்சிக்காரர் கையில் இருக்கிற கருவிகள். பேரவையின் மனுக்கள் குழுவும் இருக்கிறது. உங்கள் மாவட்டத்துக்கு வரும்போது முன்கூட்டியே ஆட்சியர் வழியாக அறிவிப்பு வரும், மனுவைத் தமிழில் எழுதி ஐந்து நகல் கொடுக்க வேண்டும். பல வருஷமாகத் தீராத பொதுப் பிரச்சினையாக, ஒரு மனுவுக்கு ஒரு விஷயமாக இருக்க வேண்டும். வேலை கேட்பது, கடன் கேட்பது, கோர்ட்டில் இருக்கிற வழக்கு, முதியோர் உதவித்தொகை மாதிரியான தனி மனுக்களை எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

*கேள்வி: எங்கள் ஊராட்சித் தலைவர் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்தான் இருக்கிறார். கிராமசபைக்கு எம்.எல்.ஏ. வரலாமா?*
*வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்*

பதில்: வரலாம், கூப்பிடுங்கள். 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது, தலைவர் இல்லாத ஊரில் அவர் வருவது இன்னும் அவசியம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள். தீர்மானம் ஊர்க்காரர்களுடையது, அவர் உட்கார்ந்து கேட்டால் போதும்.

*கேள்வி: தேர்தலுக்கு ஒரு வருஷம்கூட இல்லாதபோது எம்.எல்.ஏ.விடம் கேட்டு என்ன பிரயோஜனம்?*
*வாசகர், மதுரை*

பதில்: அப்போதுதான் கேட்க வேண்டும். 2021-இல் என்ன நடந்தது என்று பாருங்கள். பிப்ரவரி 23-ஆம் தேதி இடைக்கால பட்ஜெட், 26-ஆம் தேதி தேர்தல் அறிவிப்பு, அன்றே தேர்தல் நடத்தை விதிகள் அமலுக்கு வந்துவிட்டன. விதிகள் வந்த பிறகு புதிய அறிவிப்பு கிடையாது, அடிக்கல் கிடையாது. எம்.எல்.ஏ. நிதியிலும் புதிதாகப் பணம் விடுவிக்க முடியாது. வேலை உத்தரவு கொடுத்திருந்தாலும் இடத்தில் வேலை ஆரம்பிக்காவிட்டால், தேர்தல் முடிகிறவரை ஆரம்பிக்கக் கூடாது. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிற வேலை மட்டும் நடக்கும்.

அதனால் உங்கள் தொகுதியில் அறிவித்த வேலைகளை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அரசாணை வந்ததா, டெண்டர் விட்டாச்சா, வேலை தொடங்கியாச்சா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தேர்தலுக்கு முந்தைய டிசம்பருக்குள் டெண்டர் ஆகாதவற்றை அந்த ஆட்சிக் காலத்தில் முடிப்பது கஷ்டம். அடுத்து ஓட்டுக் கேட்டு வருகிற எல்லா வேட்பாளரிடமும், எந்தக் கட்சியானாலும், அந்த நோட்டையே எடுத்துக் காட்டுங்கள்.