போர் தண்ணி டிடிஎஸ் 1800: காய்ச்சி குடிக்கலாமா, ஆர்ஓ வாங்கணுமா?

வாணியம்பாடி பக்கம் பாலாத்தங்கரை ஊர்லேர்ந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. வீட்டு போர் தண்ணிக்கு டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்குற உப்போட மொத்த அளவு, லிட்டருக்கு மில்லிகிராம் கணக்குல) மீட்டர் 1800 காட்டுதாம், காவேரி தண்ணி நாலு நாளைக்கு ஒருவாட்டிதான் வருதாம், போர் தண்ணிய காய்ச்சி புள்ளைங்களுக்கு குடுக்கலாமா, இல்ல உப்ப பிரிச்செடுக்குற ஆர்ஓ மெஷின் வாங்கிடட்டுமான்னு.

காய்ச்சி குடுக்காதீங்கம்மா. காய்ச்சினா கிருமி சாகும், ஆனா உப்பு எங்கயும் போகாது, தண்ணி சுண்டச் சுண்ட மிச்சத்துல உப்பு கூடத்தான் செய்யும்.

பிஐஎஸ், அதாவது இந்திய தர நிர்ணய அமைப்பு கணக்குல டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் நல்லது, வேற தண்ணியே இல்லன்னா 2000. அப்போ 1800 பரவால்லன்னு நினைக்காதீங்க, மீட்டர் எவ்ளோ கரைஞ்சிருக்குன்னுதான் சொல்லும், என்ன கரைஞ்சிருக்குன்னு சொல்லாது. உங்க பக்கம் தோல் பதனிடுறதுக்கு உப்பும் குரோமியமும் எத்தனையோ வருஷமா பயன்படுத்தி கழிவ ஆத்துல விட்டாங்க, 1996லயே சுப்ரீம் கோர்ட் மாசுபடுத்துனவங்கதான் பணம் கட்டணும்னு சொல்லுச்சு, 2025 ஜனவரியில மறுபடியும் தீர்ப்பு சொல்ல வேண்டி வந்துச்சுன்னா பாத்துக்கோங்க. குரோமியத்துக்கு அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான், அது மீட்டருக்கு தெரியவே தெரியாது.

அதனால மெஷினுக்கு முன்னாடி டெஸ்ட். மோட்டார பத்து நிமிஷம் ஓட விடுங்க, ரெண்டு லிட்டர் கேன அதே தண்ணியில மூணு தடவ அலசி, காத்து இல்லாம தளும்ப பிடிச்சு மூடி, குடிநீர் வடிகால் வாரிய லேப்ல குடுங்க. குரோமியமும் பாக்கணும்னு தனியா எழுதிக் குடுங்க, சாதாரண டெஸ்ட்ல அது இல்லாம போயிடலாம். கிருமி டெஸ்ட்டுக்கு லேப்லயே பாட்டில் வாங்கி ஐஸ்ல வச்சு அன்னிக்கே சேத்துடுங்க.

ரிசல்ட் வர்ற வரைக்கும் குடிக்க, சமைக்க காவேரி தண்ணி மட்டும். நாலு நாள் சேத்து வைக்கிறீங்கல்ல, அதத்தான் காய்ச்சணும். அப்புறம் ஆர்ஓ போட்டாலும் வெளிய வர்ற கழிவுத் தண்ணிய மழைநீர் குழிக்குள்ள விட்டுடாதீங்க, அந்த உப்பு திரும்ப உங்க போருக்கே வரும்.

பாலாறு மேல காஞ்சு கெடந்தாலும் மணலுக்கு அடியில ஓடுற ஆறு. கையால மணல பறிச்சா ஊத்து சுரந்து நிக்கும், அத மொண்டு குடிச்சவங்க உங்க ஊர்லயே இருப்பாங்க. மணல அள்ளிட்டா மழத்தண்ணி தங்க எடமில்ல, கீழ இருக்குற உப்ப கரைச்சு நீர்க்க வைக்கவும் ஆளில்ல. ரிப்போர்ட்ட அடுத்த கிராம சபைக்கு எடுத்துட்டு போங்க, ஊர் போர் எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணணும், மணல் அள்ளுறத நிறுத்தணும்னு தீர்மானத்துல எழுத வச்சு நகல் வாங்கிக்கோங்க.