உருக்கினால் தங்கம் குறையுமா?

கேள்வி: என் தாயாரின் 3 பவுன் சங்கிலியை மாற்றப் போனேன். உருக்கிய பிறகு 24 கிராம் 22.5 கிராமாகிவிட்டது. நெருப்பில் தங்கம் கொஞ்சம் எரிந்துபோகும் என்கிறார் கடைக்காரர். உண்மையா? (வாசகி, விருதுநகர்)

பதில்: தங்கம் எரியாது, சகோதரி. 1,064 டிகிரி செல்சியஸில் உருகும். ஆறினால் மறுபடி அதே தங்கம். இது வெறும் இயற்பியல் மாற்றம். அது கொதித்து ஆவியாக 2,800 டிகிரியைத் தாண்ட வேண்டும். நகைக்கடை உலை அவ்வளவு தூரம் போகாது.

எரிவது கூடவே இருக்கும் செம்பு. 22 காரட் (24 பங்கில் 22 பங்கு தங்கம்) என்றால் உங்கள் 24 கிராமில் செம்பும் வெள்ளியுமாகச் சுமார் 2 கிராம் உண்டு. செம்பு ஆக்சிஜனோடு சேர்ந்து கருத்து, வெண்காரத்தோடு கழிந்துபோகும். இதுதான் வேதியியல் மாற்றம். அழுக்கும் கொஞ்சம் போகும். ஆனால் செம்பு போனால் மிச்சத்தில் தங்கத்தின் பங்கு கூட வேண்டுமே! குறைந்த ஒன்றரை கிராமும் செம்புதான் என்றால், கட்டி 23 காரட்டைத் தாண்டியிருக்க வேண்டும். எடைக்குக் கழித்தவர், ஏறிய காரட்டுக்குக் கூட்டிக் கொடுத்தாரா?

பழைய கே.டி.எம். நகைக்கு ஒரு விலக்கு உண்டு. அதன் பற்றில், அதாவது துண்டுகளை ஒட்டவைக்கும் உலோகக் கலவையில், காட்மியம் இருக்கும். காட்மியம் 767 டிகிரியிலேயே கொதித்துவிடும். தங்கம் உருகுமுன் புகையாகக் கிளம்பிவிடும், ஆசாரியின் நுரையீரலையும் கெடுக்கும். கண்ணிக்குக் கண்ணி பற்று வைத்த சங்கிலி என்றால் இழப்பும் அதற்கேற்பத்தான். அப்போதும் காட்மியம் போனதால் காரட் இறங்காது.

இப்படி எடை கழிக்கும் கடைக்காரர்களைவிட மோசம், வாசலில் வந்து நகைக்கு 'பாலிஷ்' போடுகிறவர்கள். கிண்ணத்தில் இருப்பது இராஜ திராவகமாக இருக்கலாம்: ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூன்று பங்கு, நைட்ரிக் ஒரு பங்கு. தனித்தனியே தங்கத்தைத் தொடாதவை, சேர்ந்தால் கரைத்துவிடும். நகை பளபளவென்று திரும்பி வரும், எடை குறைந்து. கரைந்த தங்கத்தை அந்த ஆள் வீட்டில் மறுபடி பிரித்தெடுத்துக்கொள்வான். வேதியியல் மாற்றம் என்றால் மீளவே மீளாது என்று பள்ளியில் மனப்பாடம் செய்வித்தவர்கள் அவனிடம் பாடம் கேட்கலாம். பனிக்கட்டி, மெழுகுவர்த்தி தாண்டி நம் பாடம் நகர்வதே இல்லை.

அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் பொதுமக்களும் கட்டணம் கட்டித் தரம் பார்க்கலாம். உருக்குமுன் எடை, கட்டியின் எடை, கட்டியின் காரட் மூன்றையும் சீட்டில் எழுதிக் கேளுங்கள். மறுத்தால் கட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.