துறைமுக மணல் யாருக்குப் போக வேண்டும்? வாசகர் கேள்வி பதில்

தூர்வாரும் கப்பல்களிலும் துறைமுக அலுவலகங்களிலும் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பொறியாளர், இந்த முறை புதுச்சேரிக் கரையிலிருந்து வந்த கடிதங்களை எடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஐயா, புதுச்சேரி காந்தி சிலைப் பக்கம் மறுபடி மணல் வந்துவிட்டது. ஜனங்கள் இறங்கிக் கால் நனைக்கிறார்கள். எங்கள் ஊரில் கடல் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. கேட்டால் கருங்கல் கொட்டித் தருகிறோம் என்கிறார்கள். அவர்களுக்கு மணல், எங்களுக்குக் கல்லா?
– ஒரு வாசகி, பொம்மையார்பாளையம்

உங்கள் கோபம் நியாயமானதுதான் அம்மா. ஆனால் கோபத்தை எந்த அலுவலகத்துக்கு எடுத்துப்போவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் கரையில் வருடத்தின் பெரும்பகுதி அலை தெற்கிலிருந்து சாய்வாக வந்து அடிக்கும். ஒவ்வொரு அலையும் ஒரு பிடி மணலை வடக்கே நகர்த்தும். ஐப்பசி முதல் மார்கழி வரை வாடை வீசும்போது கொஞ்சம் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் வருடத்துக்கு லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் வடக்கு நோக்கிப் போகிறது. கரையை ஒரு பாசன வாய்க்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஓடுவது தண்ணீருக்குப் பதில் மணல். தெற்கே இருப்பவர் தலைமடை, வடக்கே இருப்பவர் கடைமடை.

1980-களின் பின்பாதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகம் கட்டினார்கள். கடலுக்குள் இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் நீண்டன. தலைமடையில் மதகை இறக்கிய கதைதான். தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்தது, வடக்கே நகரத்துக் கடற்கரை தேய்ந்தது. கட்டியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. சேரும் மணலை வாரிக் குழாய் வழியாக வடக்கே தள்ள வேண்டும் என்று திட்டத்திலேயே இருந்தது. அந்தப் பகுதிதான் ஒழுங்காக நடக்கவில்லை. துறைமுகம் கட்டக் கிடைக்கிற பணம், கட்டிய பிறகு மணல் வாரக் கிடைப்பதில்லை. திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டலாம், குழாயில் மணல் ஓடுவதற்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்?

மணல் போனதும் கருங்கல் வந்தது. கல் சாலையைக் காப்பாற்றும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கல்லில் மோதிய அலை அடிவாரத்து மணலைத் தோண்டிக்கொண்டு போகும். கல் எங்கே முடிகிறதோ அங்கே அடுத்த வீடு விழும். அங்கும் கல் போடுவார்கள். இப்படியே சோதனைக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி என்று வந்து இப்போது உங்கள் வாசலில் நிற்கிறது. எல்லைப் பலகையைத் தாண்டியதும் கல் தமிழ்நாட்டுக் கல்லாகிவிடும். அரிப்பு அதே அரிப்புதான்.

நகரத்தில் மணல் வந்தது எப்படி? தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் திட்டப்படி, தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் முக்கோண வடிவில் ஒரு பெரிய எஃகு அமைப்பை 2018 வாக்கில் மூழ்கடித்து வைத்தார்கள். அது அலையின் வேகத்தைக் குறைக்கிறது, பின்னால் மணல் தங்குகிறது. துறைமுகத்தில் வாரிய மணலையும் சேர்த்தார்கள். நல்ல வேலை. ஆனால் அது மணலைப் பிடித்து வைக்கும் வேலை. தலைமடையிலிருந்து வருவது போதாவிட்டால் உங்களுக்கு அதனால் ஒரு கூடை மணல்கூடக் கூடுதலாகக் கிடைக்காது.

எனவே கல்லுக்குப் பதில் மணல் என்று மட்டும் கேட்காதீர்கள். உங்கள் ஊரில் ஒருமுறை மணல் கொட்டினால் சில பருவங்களில் அது வடக்கே நடந்துபோய்க் காலாப்பட்டைச் சேரும். காலாப்பட்டு மறுபடி புதுச்சேரி! துறைமுக மணல் வருடாவருடம் வடக்கே வர வேண்டும் என்று கேளுங்கள். தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீட்டும் கல் சுவர், கேட்கலாமே என்பீர்கள். வளைவுக்குத் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். உங்கள் ஊரில் போட்டால், பிள்ளைச்சாவடிக்காரர்கள் சாலை மறியலுக்கு உட்காருவார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கும்.

துறைமுக வாயைத் தூர்வாரிச் சில மாதங்கள்கூட ஆகவில்லை, மறுபடி திட்டு விழுந்துவிட்டது. படகு தரை தட்டுகிறது. ஒரே தடவையில் நிரந்தரமாக ஆழப்படுத்த வழியே இல்லையா?
– விசைப்படகு உரிமையாளர், தேங்காய்த்திட்டு

இல்லை. இருக்கிறது என்று சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

தெற்குச் சுவரின் முனையைச் சுற்றி வரும் மணலுக்கு, அலை அடங்கிய உங்கள் துறைமுக வாய்தான் இறங்குவதற்கு வசதியான இடம். ஆழமாகத் தோண்டினால் அது அங்கே இன்னும் சீக்கிரம் படியும். ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு போகுமென்றால், அரியாங்குப்பம் ஆறு மழைக்காலத்தில் சில வாரம்தான் அந்த வேலையைச் செய்யும். நம் கரையில் ஓதம் ஏறி இறங்குவதும் சுமார் ஒரு மீட்டர்தான். அதற்கு வாயைக் கழுவித் தள்ளும் பலம் கிடையாது. சுவரை நீட்டினால் சில வருடம் நிம்மதி கிடைக்கும். அப்புறம் மணல் புது முனையையும் சுற்றி வரும், அதுவரை வடக்கே இருப்பவர்கள் இன்னும் பட்டினி கிடப்பார்கள்.

செய்யக்கூடியது இதுதான். வாய்க்குத் தெற்கே, வெளியே, ஒரு பள்ளம் தோண்டி வைத்து, மணல் வாய்க்கு வருமுன் அங்கேயே பிடித்து எடுப்பது. படகு தரை தட்டி, நீங்கள் போராடி, அதன் பிறகு டெண்டர் விட்டு ட்ரெட்ஜர் (தூர்வாரும் கப்பல்) வருவதற்குள் ஒரு பருவம் போய்விடுகிறது. அப்படிச் செய்யாமல், பல வருட ஒப்பந்தம் போட்டு ஆழம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே வந்ததும் இயந்திரம் தானே வர வேண்டும் என்று எழுதி வைக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். வாய்க்குள் ட்ரெட்ஜர் நின்றால் யாருக்கும் இடைஞ்சல் இல்லாத காலம் அதுதான்.

துறைமுகத்திலிருந்து குழாயில் வரும் மண் கருப்பாக இருக்கிறது, நாறுகிறது. இதைக் கடற்கரை மணல் என்று சொல்லலாமா?
– கல்லூரி மாணவர், வைத்திக்குப்பம்

கருப்பு என்பதற்காக ஒதுக்காதீர்கள், நாற்றம் என்பதற்காகவும் உடனே ஒதுக்காதீர்கள். காற்றுப் படாமல் அடியில் கிடந்த நல்ல மணலும் முதலில் கருத்து, அழுகிய முட்டை வாடையோடுதான் வரும். சில நாள் வெயிலும் அலையும் பட்டால் வெளுத்துவிடும். பார்க்க வேண்டியது எந்த இடத்தில் வாரினார்கள் என்பது. வெளி வாயில் வாரியது கடல் கொண்டுவந்த மணல், அது கரைக்குப் போகலாம். உள்ளே படகு கட்டும் இடத்தில் வாரியது சேறும் டீசலும் மீன் கழிவும். அதைக் கரையில் விடக் கூடாது.

குழாய் வாய்க்குப் பக்கத்தில் ஒரு நாள் நின்று பாருங்கள். முதலில் வெறும் தண்ணீர் இருமிக்கொண்டு வரும். பிறகு குழாய் அதிர ஆரம்பிக்கும். மணல் வந்தால் இரும்பில் சரசரவென்று உராயும் சத்தமும், நடுவே கிளிஞ்சல் உடையும் சத்தமும் கேட்கும். சேறு வந்தால் குழாய் அமைதியாகிவிடும். பழைய ட்ரெட்ஜர் ஆட்கள் மீட்டரைப் பார்க்காமலே, குழாயில் கை வைத்து, உள்ளே என்ன போகிறது என்று சொல்லிவிடுவார்கள். புழுவுக்கும் நண்டுக்கும் கொக்குகள் அங்கேயே வரிசை கட்டி நிற்கும்.

நீங்களே சோதிக்க ஒரு வழி: ஒரு கைப்பிடி மண்ணைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, கடல் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மணலென்றால் நீங்கள் பத்து எண்ணுவதற்குள் அடியில் உட்கார்ந்துவிடும். வெகுநேரம் தண்ணீர் கலங்கியே இருந்தால் அது சேறு. பக்கத்திலேயே உங்கள் ஊர் மணலையும் இன்னொரு பாட்டிலில் வைத்துப் பாருங்கள். புது மணல் உங்கள் மணலைவிட நைசாக இருந்தால் முதல் வாடையிலேயே கிளம்பிவிடும்.

தூர்வாரும் மணலைக் கட்டட வேலைக்கு விற்றால் செலவாவது மிஞ்சுமே?
– ஒப்பந்ததாரர், கடலூர்

உப்பு மணலால் கம்பி துருப்பிடிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். அதைக் கழுவி எடுக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். அது அடுத்த ஊருக்குப் போக வேண்டிய மணல். கடைமடைக்காரன் தண்ணீரை லாரியில் ஏற்றி விற்பீர்களா?

மணல் கொட்டிய புதிதில் கடற்கரை அகலமாக இருந்தது. சில மாதத்தில் பாதி காணோம். பணத்தைச் சாப்பிட்டுவிட்டார்களா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, புதுச்சேரி

சாப்பிட்டிருக்கலாம், சாப்பிடாமலும் இருக்கலாம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கொட்டும்போது மணலை மேட்டில் குவிப்பார்கள். அலை அதைத் தனக்கு ஏற்ற சரிவாக மாற்றி, பாதிக்கு மேல் தண்ணீருக்கடியில் பரப்பிவிடும். அந்த மணல் காணாமல் போகவில்லை. அலை தூரத்திலேயே உடைவதற்கு உதவிக்கொண்டிருக்கிறது. ஆகவே வேலைக்கு முன்னும் பின்னும் கரையை மட்டும் அளந்தால் போதாது, கடலுக்குள்ளும் ஒரே கோடுகளில் ஆழம் அளந்திருக்க வேண்டும். அந்த இரண்டு வரைபடங்களையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். தூர்வாரும் கப்பலின் தொட்டியில் அளந்த மணல் கணக்கைக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தொட்டியில் மணல் இளகிக் கிடக்கும், அளவு கூடுதலாகத் தெரியும்.

உலகத்தில் எங்காவது இதைச் சரியாகச் செய்கிறார்களா?
– கட்டடப் பொறியியல் மாணவி, விழுப்புரம்

நம் கதையை அச்செடுத்ததுபோல ஓர் ஊர் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் ட்வீட் ஆறு கடலில் சேரும் இடம். ஆற்று வாய் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், வடக்கே கோல்ட் கோஸ்ட் கடற்கரைகள் குயின்ஸ்லாந்து மாநிலத்தில். அங்கும் மணல் வடக்கேதான் போகிறது. 1960-களின் தொடக்கத்தில் படகுகளுக்காக முகத்துவாரச் சுவர்களை நீட்டினார்கள். வாயில் ஆழம் கிடைத்தது, பக்கத்து மாநிலத்துக் கடற்கரை தேய்ந்தது. பல வருடச் சண்டைக்குப் பிறகு 1990-களில் இரு மாநிலங்களும் சட்டம் இயற்றி ஒப்பந்தம் போட்டன. 2001 முதல் ஆற்றுக்குத் தெற்கே சுமார் 450 மீட்டர் நீளமுள்ள ஒரு மேடையிலிருந்து பம்புகள் மணலை உறிஞ்சி, ஆற்றுக்கு அடியில் குழாய் வழியாக வடக்கே அனுப்புகின்றன. வருடத்துக்கு ஏறத்தாழ 5 லட்சம் கன மீட்டர். டிப்பருக்கு 10 கன மீட்டர் என்று போட்டால் 50,000 நடை.

அங்கும் எல்லாம் சுபம் என்று நினைக்காதீர்கள். ஆரம்பத்தில் மணல் அதிகமாகப் போய் கிர்ரா என்ற கடற்கரை தேவைக்கு மேல் அகன்றது. அலைச்சறுக்கு விளையாடுபவர்கள் தங்கள் அலை போய்விட்டது என்று கொடி பிடித்தார்கள். எவ்வளவு அனுப்புவது என்பதை வருடாவருடம் அளந்து திருத்த வேண்டியிருக்கிறது.

பம்பை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் டெலாவேர் மாநிலத்தைப் பாருங்கள். இந்தியன் ரிவர் முகத்துவாரத்தில் 1990-இல் இப்படி ஒரு பம்பு வைத்தார்கள். சில வருடங்களுக்கு முன் அது பழுதாகி நின்றது. 2024-இல் வடக்குப் பக்க மணல் மேடு உடைந்து, நெடுஞ்சாலைக்கு ஆபத்து வந்தது. அப்புறம் அவசர அவசரமாகத் தூர்வாரி மணல் கொட்டினார்கள். நெதர்லாந்து இதனாலேயே 1990 முதல் கரைக்கு மணல் போடுவதை வழக்கமான பராமரிப்புச் செலவாக வைத்துக்கொண்டது.

மணல் கொட்டினால் ஆமைகளுக்குக் கெடுதல் இல்லையா?
– தன்னார்வலர், காலாப்பட்டு

காலம் தவறினால் கெடுதல்தான். பங்குனி ஆமைகள் ஜனவரி முதல் மார்ச் வரை முட்டையிடும், குஞ்சு வெளிவர மே வரை ஆகும். அப்போது முட்டைமேல் மணலைக் கொட்டினால் எல்லாம் போயிற்று. மேலே நான் சொன்ன தடைக்காலத் தூர்வாரலும் இதோடு இடிக்கிறது. அந்த நாட்களில் மணலைக் காய்ந்த கரையில் விடாமல், அலை உடையும் இடத்துக்கு அருகே தண்ணீருக்குள் விடலாம். அலை பார்த்துக்கொள்ளும். மேட்டில் போட்ட இடங்களில், விளிம்பு சுவர்போல நின்றால் சரித்துவிட வேண்டும். ஆமை படி ஏறாது.

எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தார் கலெக்டரிடம் மனு கொடுக்கப் போகிறோம். என்ன எழுதுவது?
– பெரியவர், சின்ன முதலியார்சாவடி

"பாதுகாப்பு வேண்டும்" என்று எழுதாதீர்கள். அந்த வார்த்தைக்கு அரசு அகராதியில் கருங்கல் என்று பொருள். அடுத்த தூர்வாரலில் எடுக்கும் மணல் எங்கே விடப்படும் என்று வரைபடத்தோடு கேளுங்கள். கரைவலை இழுக்கவும் ஃபைபர் படகு ஏற்றவும் எத்தனை பாகம் (இரு கை விரித்த நீளம்) கரை வேண்டும் என்று நீங்களே அளந்து எழுதுங்கள், அந்தக் கணக்கு எந்தப் பொறியாளரிடமும் இருக்காது. மனுவை விழுப்புரம் கலெக்டருக்கு மட்டும் கொடுத்தால், துறைமுகம் எங்கள் கையில் இல்லை என்பார். ஒரு நகல் புதுச்சேரித் துறைமுகத் துறைக்கும் போகட்டும். வைத்திக்குப்பத்துப் பஞ்சாயத்தாரும் பிள்ளைச்சாவடிப் பஞ்சாயத்தாரும் அதே தாளில் கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது. அவர்களை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று என்னைக் கேட்காதீர்கள், அது உங்கள் சாமர்த்தியம்.