முதல் செமஸ்டரில் பைத்தான்: கேள்வி பதில்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 பாடத்திட்டத்தில் பைத்தான் என்ற நிரல்மொழி எல்லாப் பொறியியல் பிரிவுகளுக்கும் முதல் செமஸ்டர் பாடமானது. அதைப் படிக்கும் முதலாண்டு மாணவர்கள் கேட்டவை இவை.

கேள்வி: ஐயா, வகுப்பில் எல்லாம் புரிகிறது. ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்தால் ஒரு வரிகூட எழுத வரவில்லை. இந்தப் பாடம் எனக்கு ஒத்துவராதா?

பதில்: நிச்சயமாக ஒத்துவரும். எழுதியதைப் படித்துப் புரிந்துகொள்வது வேறு. வெற்றுத் திரையில் தொடங்குவது வேறு. இரண்டாவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். விசைப்பலகையைத் தொடும் முன் ஒரு தாளை எடுங்கள். ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எண் 472, மொத்தம் 0 என்று எழுதுங்கள். பத்தால் வகுத்த மீதி 2, மொத்தம் 2, மிஞ்சுவது 47. அடுத்து மீதி 7, மொத்தம் 9, மிஞ்சுவது 4. அடுத்து மொத்தம் 13, மிஞ்சுவது 0. நிறுத்துகிறோம்.

இப்போது பாருங்கள், எதைத் திரும்பத் திரும்பச் செய்தீர்கள், எப்போது நிறுத்தினீர்கள் என்பது தாளிலேயே இருக்கிறது. அதுதான் உங்கள் 'வைல்' (while) சுழற்சி. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வகுக்கும் இடத்தில், முழு எண்ணை மட்டும் தரும் இரட்டைச் சாய்கோடு (//) வேண்டும். ஒற்றைக் கோடு போட்டால் 47-க்குப் பதில் 47.2 வரும், சுழற்சி மூன்று சுற்றில் நிற்காது, மொத்தமும் தசம எண்ணாகிவிடும். இந்தத் தவற்றையும் தாளில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பத்து நிரல்களை மனப்பாடம் செய்வதைவிட இது எவ்வளவோ மேல்.

கேள்வி: 5, 5 என்று இரண்டு எண்கள் கொடுத்தேன். கூட்டினால் 55 வருகிறது.

பதில்: 'இன்புட்' (input) எதை வாங்கினாலும் எழுத்துச் சரமாகவே தரும். இரண்டு சரங்களைக் கூட்டினால் ஒட்டிக்கொள்ளும். வாங்கியதும் 'இன்ட்' (int) கொண்டு எண்ணாக மாற்றுங்கள்.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தேன். பிழைச் செய்திகளைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.

பதில்: முழுவதையும் படிக்க வேண்டாம். கடைசி வரியில் பிழையின் பெயர் இருக்கும். அதற்கு மேலே வரி எண் இருக்கும். முதலில் இந்த இரண்டும் போதும். சின்டாக்ஸ் எரர், இன்டென்டேஷன் எரர், நேம் எரர், டைப் எரர், இன்டெக்ஸ் எரர் ஆகிய ஐந்தையும் நோட்டில் எழுதி, எதனால் வந்தது என்று தமிழிலேயே குறித்து வையுங்கள். காட்டிய வரியில் தவறு தெரியவில்லையா? முந்தைய வரியில் அடைப்புக்குறியை மூடினீர்களா என்று பாருங்கள். உங்கள் தமிழ் இதற்குத் தடையே இல்லை.

கேள்வி: சுழற்சியில் எண்களை வரிசையாகத் தரும் ரேஞ்ச்(1, 10) என்றால் ஏன் 9-லேயே நின்றுவிடுகிறது?

பதில்: முடிவெண் சேராது என்பது விதி. அதனால் ஒரு வசதி உண்டு: முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் எத்தனை சுற்று என்பது உடனே தெரியும். கணினி அறிவியலாளர் டைக்ஸ்ட்ரா 1982-இல் எழுதிய ஒரு குறிப்பில் இந்த முறைக்காகவே வாதாடியிருக்கிறார்.

கேள்வி: நான் சிவில் மாணவி. எனக்கு இது எதற்கு?

பதில்: கான்கிரீட் கனசதுரங்களை 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் நசுக்கிச் சோதிப்பீர்கள். நூறு அளவுகளின் சராசரியையும், எது விலகி நிற்கிறது என்பதையும் சில வரிகளில் எடுத்துவிடலாம்.

கேள்வி: தற்சுழற்சி முறையில் (செயற்கூறு தன்னையே அழைக்கும் முறை) 40-ஆவது ஃபிபொனாச்சி எண்ணை (ஒவ்வோர் எண்ணும் முந்தைய இரண்டின் கூட்டுத்தொகை) கேட்டால் கணினி திணறுகிறது. நிரல் தவறா?

பதில்: நிரல் சரி, வழிதான் சுற்றுவழி. ஒரே கணக்கை மீண்டும் மீண்டும் போடுவதால் அந்தச் செயற்கூறு 33 கோடி முறைக்கு மேல் அழைக்கப்படுகிறது. முந்தைய இரண்டு எண்களை மட்டும் நினைவில் வைத்து 'ஃபார்' சுழற்சியில் எழுதுங்கள். நாற்பது சுற்றுக்குள் முடிந்துவிடும்.