'விலங்குப் பண்ணை' கதையில் சர்வாதிகாரம் வேரூன்றியது நாய்களாலா, பிரசாரத்தாலா?

பிரசாரத்தால்தான் என்பேன். பன்றித் தலைவன் ஏவிவிடும் நாயைக் கண்டு பயந்த விலங்கு வாயை மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். நடந்தது அநியாயம் என்று அதற்கு உள்ளுக்குள் தெரிந்துகொண்டே இருக்கும். அப்படித் தெரிந்ததையே பிடுங்கிக்கொண்டது ஸ்குவீலர் என்கிற பன்றியின் பேச்சு.

ரஷ்யப் புரட்சி ஸ்டாலின் கையில் என்ன ஆனது என்பதைப் பண்ணைக் கதையாக ஜார்ஜ் ஆர்வெல் எழுதி, 1945-ல் வெளிவந்த நாவல் இது. போரில் சோவியத் நாடு பிரிட்டனின் கூட்டாளியாக இருந்த நேரம் என்பதால், அதற்கு முன் பல பதிப்பகங்கள் இதைத் திருப்பி அனுப்பியிருந்தன. கதையில் விலங்குகள் எஜமானனைத் துரத்திவிட்டு, தங்களுக்கென ஏழு கட்டளைகளைச் சுவரில் எழுதி வைக்கின்றன. பிறகு பன்றிகள் அதிகாரத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

இதில் என்னால் கடந்து போக முடியாத இடம் ஒன்று உண்டு. பன்றிகள் வீட்டுக்குள் கட்டிலில் படுக்க ஆரம்பித்ததும், குளோவர் என்கிற குதிரைக்கு உறுத்துகிறது. கட்டிலில் படுக்கக் கூடாது என்று சட்டம் இருந்ததே! அதற்குப் படிக்கத் தெரியாது. மியூரியல் என்கிற ஆட்டைச் சுவரருகே கூட்டிப்போய் நாலாவது கட்டளையைப் படிக்கச் சொல்கிறது. 'விரிப்புடன் கூடிய கட்டிலில்' படுக்கக் கூடாது என்று ஆடு படிக்கிறது. விரிப்பு பற்றி எதுவும் இருந்ததாகக் குளோவருக்கு ஞாபகம் இல்லை. ஆனால் சுவரில் இருக்கிறதே, அப்படியானால் முன்பே இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறது.

நான் அந்த ஆடாக இருந்திருக்கிறேன்.

எங்கள் வீடு சேலம் அம்மாபேட்டையில். அப்பா தறியில், அம்மா ராட்டையில் தறிக்கான நூலைத் தாராகச் சுற்றுவார். நெய்வதற்குப் பாவு நூல் கொடுக்கும் முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருந்தோம். 'பொங்கல் மாதம் பிடித்தம் இல்லை' என்பது பேச்சு. கூலி நோட்டின் முதல் பக்கத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தது. நோட்டு தீர்ந்ததும் பழையதை வாங்கிக்கொண்டு புதிது கொடுத்தார்கள். அந்தப் பொங்கலுக்குக் கூலியில் பாதி வரவில்லை. அம்மா நோட்டை என்னிடம் நீட்டி, "இதுல என்ன போட்டிருக்குன்னு படி கண்ணு" என்றார். 'பொங்கல் மாதம் முழுப் பிடித்தம் இல்லை' என்று இருந்தது. ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான், "இப்படித்தாம்மா எழுதியிருக்கு, நீதான் மறந்துட்ட" என்று சொல்லிவிட்டேன். அம்மா ஒன்றும் பேசாமல் ராட்டைக்குப் போய்விட்டார். 'முழு' என்ற ஒரே சொல். ஏமாற்றியது முதலாளிதான், ஆனால் அம்மாவின் ஞாபகத்தைப் பொய்யாக்கியது நான்.

ஸ்குவீலரின் மற்ற வித்தைகளும் இந்த ஒன்றுக்குத்தான் வேலை செய்கின்றன. தீவனத்தைக் குறைத்தால் 'குறைப்பு' என்று சொல்லாமல் 'சரிக்கட்டல்' என்று சொல்வது, விளைச்சல் 200 சதவீதம், 500 சதவீதம் கூடிவிட்டது என்று புள்ளிவிவரம் படிப்பது, எதிர்த்துக் கேட்டால் 'பழைய எஜமானன் திரும்பி வரட்டுமா?' என்று மிரட்டுவது. வயிறு காய்வது தெரிந்தாலும், முன்பும் இப்படித்தான் காய்ந்ததோ என்று விலங்குகள் குழம்புகின்றன.

நிஜத்திலும் இதுதான் நடந்தது. ஸ்டாலினின் ரகசியப் போலீஸ் தலைவராக இருந்த யெஷோவ், மாஸ்கோ கால்வாய்க் கரையில் ஸ்டாலின் பக்கத்தில் நிற்கும் புகைப்படம் ஒன்று உண்டு. 1940-ல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். பிறகு வந்த பிரதியில் அவர் நின்ற இடத்தில் தண்ணீர்தான் தெரிகிறது.

எனக்கு அதிகக் கோபம் பெஞ்சமின் மேல். அந்தக் கழுதைக்கு எந்தப் பன்றிக்கும் குறையாமல் படிக்கத் தெரியும். படிக்க உருப்படியாக எதுவும் இல்லை என்று சும்மா இருந்தது. இன்னொரு கட்டளை மாறியபோது குளோவர் வந்து கேட்டும் மறுத்துவிட்டது. கடைசியில், உழைத்து உழைத்துச் சாய்ந்த பாக்ஸர் என்கிற குதிரையை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பும்போதுதான், அதன் பக்கவாட்டில் குதிரை அறுப்பவன் பெயர் எழுதியிருப்பதைப் படித்துக் கத்துகிறது. அதற்குள் வண்டி வேகம் எடுத்துவிட்டது.

போன வருடம் ஊருக்குப் போனபோது இந்தக் கதையை அம்மாவுக்குச் சொன்னேன். குளோவர் சுவரருகே நிற்கும் இடம் வந்ததும் கையை நீட்டி நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பழைய நோட்டை நான் திருப்பிக் குடுத்திருக்கக் கூடாது கண்ணு" என்றார்.