கணவருக்கு எச்.ஐ.வி., எனக்கு நெகட்டிவ்: மரபணுதான் காப்பாற்றியதா?

கேள்வி: திருமணமாகி ஒன்பது வருடம். போன மாதம் என் கணவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. எனக்கு நெகட்டிவ். சிலருக்கு மரபணுவிலேயே பாதுகாப்பு உண்டாமே? தனியார் லேபில் டெஸ்ட் எடுத்து, இருந்தால் ஆணுறையை விட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள், ஆணுறையையும் இப்போது விடாதீர்கள்.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். எச்.ஐ.வி. பெரும்பாலும் சிசிஆர்5 என்ற புரதத்தைப் பிடித்துத்தான் ரத்த வெள்ளணுவுக்குள் நுழைகிறது. இந்தப் புரதத்துக்கான மரபணுவில் 32 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்ட ஒரு வகை உண்டு என்று 1996-இல் கண்டுபிடித்தார்கள். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அது வந்திருந்தால், கைப்பிடி இல்லாத கதவு மாதிரி, வைரஸுக்குப் பிடிமானமே கிடைக்காது. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் தொற்று நிற்காது. நோய் முற்றுவது கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். பெர்லினில் எச்.ஐ.வி.யுடன் இருந்த டிமோத்தி ரே பிரவுன் என்பவருக்கு, ரத்தப் புற்றுநோய்க்காக 2007-இல் வேறொருவரின் ஸ்டெம் செல்லை (ரத்த அணுக்களை உருவாக்கும் மூல செல்) மாற்றினார்கள். கொடையாளியிடம் இந்த மாற்றம் இரட்டையாக, அதாவது அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்ததாக, இருந்தது. எச்.ஐ.வி.யிலிருந்து குணமான முதல் மனிதர் அவர்தான்.

ஆனால் வட ஐரோப்பிய வம்சாவளியினரிலேயே இரட்டையாக உள்ளவர்கள் 100-க்கு ஒருவர் அளவில்தான். நம் ஊரில் ஒற்றையாக இருப்பதே அபூர்வம். இரட்டையாக இருந்தும், சிஎக்ஸ்சிஆர்4 என்ற வேறு புரதம் வழியாக நுழையும் வைரஸால் தொற்றியவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம் உங்களுக்கு ஏன் வரவில்லை? அவருக்கு எப்போது தொற்றியது என்பதே தெரியாது, சமீபத்தில்கூட இருக்கலாம். தவிர, சிகிச்சை எடுக்காத ஆணிடமிருந்து பெண்ணுக்கு யோனி உறவில் தொற்றுவது சராசரியாக 10,000 முறைக்கு 8 முறை. வைரஸ் அளவு கூடும்போதும், பிறப்புறுப்பில் புண் இருக்கும்போதும் இது பல மடங்கு எகிறும். நேற்றுவரை தப்பியது நாளைக்கு உத்தரவாதம் ஆகாது.

அரசு ஏ.ஆர்.டி. மையத்தில் (எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் மையம்) அவருக்கு மருந்து இலவசம், உடனே தொடங்கட்டும். வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) டெஸ்டில் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி, ஆறு மாதம் அப்படியே நீடித்து, மாத்திரையும் தவறாமல் போனால், உடலுறவால் உங்களுக்குத் தொற்றாது. குழந்தை பற்றிக்கூட அப்போது மருத்துவரிடம் பேசலாம். அதுவரை ஆணுறை. கூடவே, தொற்று வராமலிருக்க முன்கூட்டியே சாப்பிடும் முன்தடுப்பு மாத்திரை உங்களுக்கு வேண்டுமா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். ஆணுறையில்லாத கடைசி உறவிலிருந்து 3 மாதம் கழித்து நம்பிக்கை மையத்தில் (அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மையம்) மறுபடி டெஸ்ட் எடுங்கள். நடுவில் ஆணுறை கிழிந்தால் 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் அன்றைக்கே, அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். 28 நாள் தடுப்பு மருந்து தருவார்கள்.