புரட்டாசி ஐப்பசியில மதுரைப் பக்கம் கண்மாய்ல விரால் எங்க போகுது?

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருந்ததைச் சுருக்கமா சொல்லிடுறேன். அமெரிக்காவுல குளத்துல பாஸ் மீன் பிடிக்கிற வீடியோ பாத்து ராடு, ரீல், ஃப்ராக் லூர் (தவக்களை மாதிரி செஞ்ச போலி இரை) எல்லாம் வாங்கிருக்காரு. ஆவணி வரைக்கும் மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாய்ல வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு விரால் விழுந்திருக்கு. செப்டம்பர் பாதிக்கு மேல ஒண்ணுகூட கடிக்கல, லூரை மாத்தணுமா கலரை மாத்தணுமான்னு கேக்குறாரு.

லூரை மாத்தாதீங்க தம்பி. நிக்கிற இடத்தை மாத்துங்க.

எனக்கும் ஊரு மேலூருக்குக் கிழக்கதான். பத்து வயசுல தாய்மாமா கூட மூங்கில் தட்டையும் தங்கூசியும் எடுத்துக்கிட்டுப் போனதுல ஆரம்பிச்சது, இப்ப நாப்பத்திரெண்டு ஆகுது, கையில இருக்கிறது ராடு ரீலுன்னு மாறிருச்சு, ஆனா போறது அதே கண்மாய்தான். இந்த ஒன்றரை ரெண்டு மாசத்தைத்தான் வருசம் பூரா எதிர்பாத்துக்கிட்டே இருப்பேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுமையா படிங்க.

அந்த வீடியோவுல அவங்க சொல்ற செப்டம்பர் மாற்றம் உண்மைதான், ஆனா அது அந்த ஊரு உண்மை. லார்ஜ்மவுத் பாஸ் வட அமெரிக்கா மீன். அங்க கோடை முடிஞ்சு ராத்திரி குளிர ஆரம்பிச்சா தண்ணிச் சூடு இறங்கும், ஆழமான ஏரின்னா மேல்தண்ணி குளிர்ந்து கனமாகி கீழ போயி அடித்தண்ணி மேல வந்து மொத்தமும் புரளும், சின்னக் குளம்னா உள்ள இருக்கிற செடி பாசியெல்லாம் பட்டுப்போயி அழுகி ஆக்ஸிஜனைத் தின்னும், குட்டி மீனெல்லாம் ஆழத்தை விட்டு ஓரத்துக்கும் ஓடை வாய்க்கும் நகரும், அதுக பின்னாடியே பாஸும் போகும். அவங்க அதைத்தான் தேடிப் போறாங்க. நம்ம ஊருல செப்டம்பர்ல எங்க குளிர்? புரட்டாசியில பொன்னுருகக் காயும் மண்ணுருகப் பேயும்னு பெரியவங்க சொன்னது அப்படியே நடக்கும். பகல்ல கரையில நிக்க முடியாது, நாலு மணிக்கு மேல மேக்க கருத்துக்கிட்டு வந்து ஒரு மணி நேரம் ஊத்திட்டுப் போயிரும், மறுநாள் திரும்ப வெயிலு.

அங்க மீனை நகத்துறது குளிரு, இங்க நகத்துறது புதுத்தண்ணி. நீங்க ஆவணியில எங்க நின்னு பிடிச்சீங்களோ அங்கயே புரட்டாசியிலயும் நிக்கிறீங்க. உங்க கேள்வியிலயே "மடைக்குப் பக்கத்துல ஆழமான இடத்துல"ன்னு எழுதியிருக்கீங்க. ஆவணியில கண்மாய் வத்திக் கெடக்கும், இருக்கிற தண்ணி பூராம் கரையை ஒட்டி மடைப்பள்ளத்துல தேங்கி நிக்கும், விரால், கெண்டை, ஜிலேபி எல்லாம் அந்த இத்துனூண்டு தண்ணிக்குள்ளதான் கெடக்கும், அங்க போட்டா கடிக்கத்தான் செய்யும். புதுத்தண்ணி வந்ததும் அதுக ஏன் அந்த நாத்தம் பிடிச்ச பள்ளத்துல கெடக்கணும்?

புதுத்தண்ணி நமக்கு ரெண்டு வழியா வரும். ஒண்ணு கால்வாய்த் தண்ணி. 1895ல முடிஞ்ச பெரியாறு அணையில இருந்து மலையைக் குடைஞ்சு வந்து வைகை டேம்ல சேந்து, பேரணையில பிரிஞ்சு, பெரியாறு பிரதான கால்வாய் வழியா நம்ம மேலூர் வரைக்கும் வர்ற தண்ணி. நம்ம பக்கம் ஒருபோகம், வருசத்துக்கு ஒரு வெள்ளாமைதான், அதுக்கு டேம்ல தண்ணி இருந்தா வழக்கமா செப்டம்பர் நடுவுல திறப்பாங்க, இல்லாத வருசம் தள்ளிப்போகும். இன்னொண்ணு மழைத்தண்ணி, ஓடையில இருந்தும் மேல் கண்மாய் நெறஞ்சு மறுகால் பாஞ்சும் (மிச்சத் தண்ணி வழிஞ்சும்) வர்றது. ரெண்டுக்கும் மீன் ஒரே மாதிரி நடந்துக்காது. கால்வாய்த் தண்ணி ராப்பகலா ஒரே சீரா வரும், ரொம்பக் கலங்கலா இருக்காது, வந்த அன்னைக்கே மீன் அங்கிட்டு நகர ஆரம்பிச்சிரும். ஓடைத்தண்ணி செம்மண்ணைக் கரைச்சுக்கிட்டு செந்தண்ணியா வரும், அன்னைக்குப் போயி நின்னா வீண், எங்க கண்மாய்ல பாத்த வரைக்கும் மூணாவது நாள்ல இருந்துதான் விரால் தெளிஞ்சு கடிக்கும்.

அப்ப எங்க நிக்கணும்? கரை இருக்கிற பக்கம் இல்ல, எதிர்ப்பக்கம். கண்மாய்க்கு ஆழம் கரைப் பக்கம், அங்கதான் தண்ணி திறந்துவிடுற மடையும், நெறஞ்சா வழியுற கலுங்கும் இருக்கும். எதிர்ப்பக்கம் உள்வாய், தண்ணி மெல்ல மெல்ல பரந்து ஏறுற பக்கம். நேத்து வரைக்கும் ஆடு மேஞ்ச இடத்துல இன்னைக்கு முழங்கால் தண்ணி நிக்கும். புல்லு முங்கியிருக்கும், நாட்டுக்கருவேல மரத்தோட அடி முங்கியிருக்கும், புல்லுக்குள்ள இருந்த வெட்டுக்கிளி, மண்புழு, பூச்சியெல்லாம் தண்ணிக்கு வந்துரும், சின்ன மீன் அதைத் திங்க ஏறும், தவக்களை ராத்திரி பூரா கத்தும், இது எல்லாத்தையும் திங்க விரால் ஏறும். உங்க ஃப்ராக் லூருக்கு இதைவிட நல்ல காலம் வருசத்துல கிடையாது, அதான் லூரை மாத்தாதீங்கன்னு மொதல்லயே சொன்னேன். அந்த லூரும் பாஸுக்காக அங்க செஞ்சதுதான், ரெண்டு முள்ளும் மேல பாத்து முதுகோட ஒட்டி இருக்கும், புல்லுக்குள்ளயும் அல்லி இலை மேலயும் மாட்டாம வழுக்கிக்கிட்டு வரும், இந்த முங்குன உள்வாய்க்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கும்.

எனக்குப் பதினாலு வயசு இருக்கும், ஐப்பசி, மூணு நாளா அடைமழை விட்டு ரெண்டு நாள் ஆயிருந்துச்சு. விடியக் கருக்கல்ல மாமா வந்து எழுப்புனாரு, "எந்திரி மாப்ள, வரத்துல தண்ணிச் சத்தம் கேக்குது பாரு." போயிப் பாத்தா வரத்து வாய்க்கால் கண்மாயில விழுகுற எடத்துல தண்ணி ரெண்டு நிறமா நிக்குது, வாய்க்கால்ல இருந்து வர்றது செக்கச்செவேல்னு, கண்மாய்த் தண்ணி கருப்பா, நடுவுல கோடு போட்ட மாதிரி பிரிஞ்சு நின்னு அந்தக் கோடு வளைஞ்சு வளைஞ்சு நகருது. வாய்க்கால் வாயில அயிரையும் கெண்டைக் குஞ்சும் தண்ணியை எதிர்த்து ஏறுறதுக்கு முண்டிக்கிட்டு நிக்குதுக, சாக்குப்பையை வச்சாலே அள்ளலாம். நான் அதுக நடுவுல தூண்டியைப் போடப் போனேன். மாமா கையைப் பிடிச்சுட்டாரு. "செந்தண்ணிக்குள்ள போடாதடா, அதுக்குக் கண்ணு தெரியாது. கோட்டுக்கு இங்கிட்டு, கருந்தண்ணியில கோரையை ஒட்டிப் போடு, அது அங்க படுத்துக்கிட்டு வர்றதைப் பாத்துக்கிட்டுதான் கெடக்கும்." உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தோம். கோரைக்கு ஒரு முழம் தள்ளி தண்ணி லேசா வீங்குன மாதிரி எந்திரிச்சு, ஒரு மூக்கு மட்டும் வெளிய வந்து 'பொளக்'னு ஒரு சத்தம், ரெண்டு நுரை முட்டை, அம்புட்டுதான். மாமா அதுக்கு அங்கிட்டு ரெண்டடி தள்ளி குட்டித் தவக்களை கோத்த தூண்டியைப் போட்டு பையப் பைய இழுத்துக்கிட்டு வந்தாரு. ரெண்டு கிலோவுக்குக் கிட்ட வந்துச்சு அந்த விரால். இருபத்தெட்டு வருசம் ஆச்சு, இன்னைக்கும் புது கண்மாய்க்குப் போனா நான் மொதல்ல தேடுறது அந்தக் கோட்டைத்தான்.

அந்த 'பொளக்' சத்தத்தைக் கொஞ்சம் விளக்கிடுறேன், ஏன்னா இதுதான் பாஸுக்கும் விராலுக்கும் பெரிய வித்தியாசம். பாஸ் செவுள்ல மட்டும்தான் மூச்சு விடும், தண்ணியில ஆக்ஸிஜன் குறைஞ்சா அதுக்கு இழுத்துக்கும். விராலுக்குத் தலையில செவுளுக்கு மேல காத்தை வாங்கி வச்சுக்க ஒரு அறை மாதிரி இருக்கு, அது மேல வந்து காத்துக் குடிச்சே ஆகணும், மேல வரவிடாம அமுக்கி வச்சா தண்ணிக்குள்ளயே செத்துப்போகும். அதனால புது மழை பேஞ்சு கலங்கி, கெண்டையும் ஜிலேபியும் விடியக்காலையில மேல வந்து வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குதுன்னா விராலுக்கு ஒண்ணும் ஆகல, அதுக்கு அன்னைக்கு விருந்து, தெம்பில்லாம நிக்கிற சின்ன மீனைச் சுலபமா அடிக்கும். அதோட, அது மூச்சு விடுற எடத்தை வச்சு நமக்கு எங்க இருக்குன்னும் தெரிஞ்சு போயிருது. லூரை வீசுறதுக்கு முன்னாடி கால் மணி நேரம் சும்மா உக்காந்து தண்ணியைப் பாருங்க. இந்த வயசுப் பசங்க வந்தவுடனே நூறு தடவை வீசிட்டு மீன் இல்லைன்னு போயிர்றாய்ங்க, அது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும்.

நேரம்னு பாத்தா வெள்ளன அஞ்சரைல இருந்து எட்டு வரைக்கும், சாயங்காலம் பொழுது சாயுறப்ப ஒரு மணி நேரம். மப்பு போட்டு வெயிலே இல்லாத நாள்னா பகல் பூராவும் பாக்கலாம். லைன் பிரெய்டுதான் (இழை பின்னுன நூல்) போடணும், முப்பது நாப்பது பவுண்டு தாங்குறது, சாதா நரம்பு போட்டா விரால் கடிச்ச ஒடனே கோரைக்குள்ள திருகிக்கிட்டுப் போயி அத்துக்கிட்டுப் போயிரும். அது ஃப்ராக்கை அடிக்கிறப்ப தண்ணி தெறிக்கிறதைப் பாத்து வெட்டி இழுத்துராதீங்க. பாதி நேரம் அது வாய்க்குள்ளயே போயிருக்காது. ராடு முனையைத் தாழ்த்தி, ரெண்டு எண்ணுற நேரம் விட்டு, லைன்ல பாரம் தெரிஞ்சதுக்கப்புறம் பலமா இழுங்க. தப்பிச்சிருச்சுன்னா அதே எடத்துல உடனே வீசாம அஞ்சு நிமிசம் கழிச்சு வீசுங்க, திரும்ப வரும்.

இனிமேல் சொல்றதைத் தயவுசெஞ்சு கேளுங்க. இந்த மழைக்காலத்துலதான் விரால் அதிகமா குஞ்சு பொரிக்கும். கோரை ஓரத்துல, அல்லி இலைக்கு நடுவுல, ஒரு கை மிளகாப்பொடியை அள்ளித் தூவுன மாதிரி சிவப்பா ஒரு கூட்டம் மெதக்கும், நிமிசத்துக்கு ஒரு தடவை தூறல் விழுகுற மாதிரி சின்னச் சின்னதா தண்ணி துடிக்கும், அது குஞ்சுக மூச்சு வாங்குறது. அதுக்கு நேர் கீழ தாயோ தகப்பனோ நிக்கும். அது மேல ஃப்ராக்கை இழுத்தா பசிக்காக இல்ல, குஞ்சைக் காப்பாத்துறதுக்காக வெறியா வந்து அடிக்கும், பத்துக்கு ஒன்பது தடவை மாட்டிக்கும். வீடியோல இதைப் பெரிய டெக்னிக்னு சொல்லித் தர்றாய்ங்க. நானும் இருபத்திரெண்டு வயசுல ஒண்ணைப் பிடிச்சேன். மறுநாள் சாயங்காலம் அதே எடத்துக்குப் போயி உக்காந்தேன், அந்தச் சிவப்புக் கூட்டத்தைச் சுத்தி ஜிலேபி வட்டம் போட்டுக்கிட்டு ஓரத்துல இருந்து ஒண்ணொண்ணா இழுத்துத் தின்னுக்கிட்டு இருந்துச்சு, கூட்டம் உள்ளங்கை அளவுக்கு வந்திருந்துச்சு. அதுக்கடுத்த நாள் அதுவும் இல்ல. ஆயிரக்கணக்குல இருந்திருக்கும், ஒரு குழம்புக்காகப் போச்சு. அன்னைல இருந்து சிவப்பைப் பாத்தா அம்பதடி தள்ளிப் போயிருவேன். நீங்களும் போயிருங்க.

இன்னும் ரெண்டு மூணு விசயம். பெரும்பாலான கண்மாய்ல மீன்பாசிக் குத்தகை (மீன் பிடிக்கிற உரிமை) எடுத்தவர் ஒருத்தர் இருப்பாரு, அவரைப் பாத்து ஒரு வார்த்தை கேட்டுட்டு எறங்குங்க, தூண்டிலுக்கு நெறையப் பேரு ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, கேக்காம போனாதான் வைவாங்க. டவுனுக்குள்ள சாக்கடை கலக்குற கண்மாய்ல பிடிச்சதைத் திங்காதீங்க, விட்டுருங்க. மேக்க இடிச் சத்தம் கேட்டா மீன் கடிக்கிற நேரமா இருந்தாலும் ராடைக் கீழ போட்டுட்டு வெட்டவெளியையும் மரத்தடியையும் விட்டு வீட்டுக்குக் கெளம்புங்க, அந்த ராடு கார்பன், மின்சாரம் பாயும். அப்புறம் உள்வாய்ல மண்ணு அள்ளுன பள்ளம் இருக்கும், கோடையில கண்ணுக்குத் தெரியும், இப்ப தண்ணிக்கடியில தெரியாது, முழங்கால் தண்ணிதானேன்னு நடந்து போனா அடுத்த எட்டுல ஆள் முங்குற ஆழம் இருக்கும். அதனால போறதுக்கு முன்னாடி அங்க ஆடு மேய்க்கிற பெரியவர் யாராவது இருந்தா கேளுங்க, வரத்து எந்தப் பக்கம், பள்ளம் எங்கெங்கன்னு. கோடை பூரா அந்தத் தரையில நடந்தவர் அவருதான், விரலை நீட்டிக் காட்டுவாரு.